முன்பணம் வாங்கிய படகும் பவர் பிஐ கணக்கும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைப் பழுது பார்ப்பார்கள். மண்டபத்தில் நான் கணக்குப் பார்க்கும் நண்டு கம்பெனியிலும் அந்த இரண்டு மாதம்தான் கொஞ்சம் மூச்சுவிட முடியும். நாட்டுப்படகில் நண்டு வந்துகொண்டுதான் இருக்கும். ஆனாலும் இறாலும் கணவாயும் குறைந்துவிடுவதால் விடிகாலை மூன்று மணிக்கு போன் அடிப்பது நிற்கும்.

2022 தடைக்காலத்தில் ஒருநாள் முதலாளி என் மேஜைக்கு வந்தார். "ஏம்மா, வடகடல் நண்டுல சதை கம்மியாத் தேறுதுன்னு பிளான்ட்ல சொல்றாங்க. நெசமா?"

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை, அது எங்களுக்கு வடகடல். பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது இடத்தில் எங்களுக்கு நண்டு எடுக்கிறார்கள். ஒவ்வோர் ஏஜென்ட்டும் எடைச்சீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைப் பார்த்து நான் எக்செல்லில் அடிப்பேன், மாதத்துக்கு ஒரு ஃபைல். பிளான்ட்டில் பெண்கள் உட்கார்ந்து சதை எடுத்துத் தரம் பிரிப்பதற்குத் தனி ரிஜிஸ்டர். அது சூப்பர்வைசரிடம் இருக்கும். இந்த இரண்டும் ஒருநாளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. முதலாளி கேட்ட ஒரு வரிக் கேள்விக்குப் பதில் எடுக்க எனக்கு நாலு நாள் ஆனது. பதிலைக் கொண்டுபோய் நீட்டியபோது, "எதும்மா இது?" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் பவர் பிஐ கற்றுக்கொண்டேன். பல ஃபைலில் கிடக்கும் கணக்கை ஒன்றுசேர்த்து, படமும் ரிப்போர்ட்டுமாகக் காட்டும் சாஃப்ட்வேர் அது. கல்லூரித் தோழி ஒருத்தி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். "மைக்ரோசாஃப்ட்காரன் ஓசியில குடுக்கிறான், இறக்கிப் பாரு" என்றாள். இறக்கினேன். ஆபீஸில் இருந்த 4 ஜிபி ராம் கணினியில் அது ஏறவே இல்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்து முடித்துவிடலாம். தம்பியின் லேப்டாப்பை வாங்கி ஆரம்பித்தேன். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

முதலில் அசந்துபோனது கலர் கலரான படங்களைப் பார்த்து அல்ல, பவர் குவரி என்ற பகுதியைப் பார்த்து. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை எக்செல் ஃபைலையும் ஒன்றாகச் சேர்க்கும். முதல் இரண்டு வரி வேண்டாம், மொத்தக் கூட்டல் வரி வேண்டாம், தேதியைச் சரிசெய் என்று ஒருமுறை செய்து காட்டினால் போதும். அடுத்த மாத ஃபைலைப் போட்டதும் அதே வேலையைத் தானாகச் செய்துவிடும். நாலு நாள் பிடித்த அந்தக் கணக்கு, ஃபைல்களைச் சுத்தம் செய்து வைத்தபிறகு ஒரு ரெஃப்ரெஷ் பட்டனாகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பணம் மிச்சமாகும். இந்தப் பவர் குவரி எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 2013ல் தனியாக இணைக்கும் துண்டாக வந்தது, 2016 எக்செல்லில் இருந்து டேட்டா என்ற தாவலுக்குள் சேர்த்துவிட்டார்கள். கருவாட்டுக் கடை, ஐஸ் கம்பெனி, முண்டு மிளகாய் வியாபாரம் என்று ஒரே ஆள் கணக்கு எழுதி ஒரே ஆள் பார்க்கும் இடத்துக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. பவர் பிஐ கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேரை எக்செல்லோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சரி, மீன் பெயருக்கு வருகிறேன். சாஃப்ட்வேரைவிட அதிகம் படுத்தியது அதுதான். கணவாய், கனவாய், கணவா, கனவா என்று நாலு விதமாக என் கையே அடித்திருந்தது. கணினிக்கு அது நாலு சரக்கு. அதைவிட மோசம் சீலா. தெற்கே சீலா என்றால் வஞ்சிரம், சென்னைப் பக்கம் சீலா என்றால் ஊளி. சென்னைக்குப் போன ஒரு லோடின் பில்லில் சீலா என்று போட்டு, அங்கே பெட்டியைத் திறந்தவர் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் எல்லாச் சரக்குக்கும் எண் கொடுத்து ஒரு பட்டியல் போட்டேன். ஏஜென்ட் என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதட்டும், உள்ளே ஏறுவது எண் மட்டும். இதை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் ஒரு மாத வேலை மிஞ்சியிருக்கும்.

அப்புறம் தேதி. பவர் பிஐ சொல்லிக்கொடுக்கிற வீடியோ எல்லாவற்றிலும் "போன மாதத்தைவிட எவ்வளவு கூடியது" என்று ஓர் அட்டை போடச் சொல்வார்கள். எங்கள் கரையில் அந்த அட்டையால் பிரயோஜனம் இல்லை. மே மாத இறால் கணக்கைப் பார்த்தால் கம்பெனியே மூழ்கிவிட்டதுபோல் சிவப்பாக நிற்கும். அது தடைக்காலம் என்று அதற்குத் தெரியாது. சாதாரண மாதத்திலும் சிக்கல் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. காற்றடித்தால் மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது, அன்றைக்கு எந்தப் படகும் போகாது. இதையெல்லாம் முப்பது நாளால் வகுத்துச் சராசரி எடுத்தால் வருகிற எண் யாருக்கும் உதவாது. அதனால் தேதிப் பட்டியலில் 'கடல் நாள்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். படகு போன நாளுக்கு ஒன்று, போகாத நாளுக்கு வெற்று. போயும் மீன்பாடு இல்லாமல் வந்தால் பூஜ்யம். வெற்றும் பூஜ்யமும் ஒன்றில்லை என்பதை எங்கள் பிளான்ட் மேனேஜருக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

வயதான ஏஜென்ட் ஒருவர் பிறையையும் சேர்க்கச் சொன்னார். "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நண்டு சதை ஒண்ணா இருக்குமா தாயி?" என்றார். சேர்த்தேன். இரண்டு வருஷக் கணக்கில் என் கண்ணுக்குத் தெளிவாக எதுவும் தென்படவில்லை. "உங்க கம்ப்யூட்டருக்குக் கடல் தெரியாது" என்று சொல்லிவிட்டார். அந்த நெடுவரிசையை எடுக்காமல் வைத்திருக்கிறேன், இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம்.

இதுவரை எல்லாம் ஓசி. ஒரு ரூபாய் செலவில்லை. காசு கேட்கும் வாசல் எங்கே இருக்கிறது என்பது முதலாளி, "இதை என் போன்ல காட்டு" என்றபோதுதான் தெரிந்தது.

என் கணினியில் நான் எத்தனை ரிப்போர்ட் வேண்டுமானாலும் செய்யலாம். அதை இன்னொருவருக்கு முறையாகக் காட்ட வேண்டுமென்றால் அனுப்புகிற எனக்கும் புரோ லைசென்ஸ் வேண்டும், பார்க்கிற அவருக்கும் வேண்டும். அப்போது ஆளுக்கு மாதம் சுமார் 10 டாலர். ஜிமெயில் முகவரியில் சேரவும் முடியாது, கம்பெனி பெயரில் மெயில் வேண்டும். எங்களுக்கு அதுவே கிடையாது. எல்லா ஏற்றுமதிப் பேப்பரும் முதலாளி மகனுடைய ஜிமெயிலில்தான் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனி மெயிலை வாங்கிப் போட்டேன். லைசென்ஸ் செலவை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். 'பப்ளிஷ் டு வெப்' என்று ஒரு வழி இருக்கிறது. லிங்க் ஒன்று கிடைக்கும், யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். நிர்வாகி அனுமதித்தால்தான் வேலை செய்யும். நிர்வாகி யார்? நானே. நானே எனக்கு அனுமதி கொடுத்து, லிங்கை நாலு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'இது பொதுவில் எல்லோருக்கும் தெரியும்' என்று அது எச்சரித்தது. கடவுச்சொல் மாதிரி நீளமான லிங்க், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று சரி கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் பெரியபட்டினம் ஏஜென்ட் போன் செய்தார். "என்னம்மா, தேவிபட்டினத்துக்காரருக்குக் கிலோவுக்கு இருபது ரூவா கூடப் போட்டிருக்கீங்களே, நாங்க என்ன தக்காளியா கொண்டு வாறோம்?" குழுவில் இருந்த ஒருவர் ஆர்வக்கோளாறில் லிங்கை ஒரு ஏஜென்ட்டுக்கு அனுப்ப, அது கரை முழுக்கச் சுற்றியிருக்கிறது. ஒன்பது இடத்து விலையும் ஒன்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. லிங்கை உடனே அழித்தேன். அந்த வாரம் முழுக்க முதலாளி ஒவ்வோர் ஏஜென்ட்டோடும் உட்கார்ந்து டீ குடித்துச் சமாதானம் பேச வேண்டியிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. எச்சரிக்கை கண்முன் இருந்தது. அந்த வழி மழை அளவு, ஊர்த் திருவிழாக் கணக்கு மாதிரி உலகமே பார்த்தாலும் பாதகமில்லாத எண்களுக்கு மட்டும்தான்.

மறுமாதம் ஆறு லைசென்ஸ் வாங்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்தில் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா முன்னால் விசைப்படகு வைத்திருந்தவர். இன்றைக்கும் ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு போன் செய்து நண்டு விலை கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓசியில குடுத்தானா? அப்பப் பிடித்தம் எங்கன வச்சிருக்கான்?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் கரையில் படகுக்காரருக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். எழுதப்பட்ட வட்டி கிடையாது, தவணை கிடையாது. ஒரே நிபந்தனை, பிடித்து வரும் சரக்கை அவரிடமே போட வேண்டும். அவர் போடும் விலை வெளி விலையைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாக இருக்கும். அந்தக் குறைச்சல்தான் பிடித்தம். வேறு வியாபாரிக்குப் போக வேண்டுமென்றால் மொத்த முன்பணத்தையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரால் முடியும்? அப்பாவும் அப்படி வாங்கியவர்தான். ஆனால் ஒருமுறை நடுச்சீசனில் எஞ்சின் உட்கார்ந்தபோது, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து பணம் கொடுத்தவரும் அதே வியாபாரிதான். எந்த வங்கி அந்த நேரத்துக்குக் கதவைத் திறக்கும்? அதனால் அப்பா அவரை ஒருநாளும் திட்டியதில்லை. பிடித்தம் எவ்வளவு என்று சிகரெட் அட்டையில் எழுதி மட்டும் வைத்திருப்பார்.

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் மைக்ரோசாஃப்ட்டின் பழைய கதையைப் படித்தேன். படிக்கப் படிக்க நம் ஊர் வியாபாரியைப் பார்ப்பதுபோலவே இருந்தது.

பிஐ என்றால் பிசினஸ் இன்டெலிஜென்ஸ், வியாபாரக் கணக்கை அலசிக் காட்டும் சாஃப்ட்வேர். ஆரம்பத்தில் அது பெரிய கம்பெனிகள் தனியாக, எக்கச்சக்க விலைக்கு வாங்கும் சரக்கு. காக்னோஸ், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ், ஹைபீரியன் என்று அதற்கென்றே கம்பெனிகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட் 1996ல் இஸ்ரேலைச் சேர்ந்த பனோரமா என்ற கம்பெனியிடமிருந்து ஓலாப் தொழில்நுட்பத்தை வாங்கியது. பெரிய கணக்கை முன்கூட்டியே பல கோணத்தில் கூட்டி வைத்துக்கொள்ளும் முறை அது. அதை வாங்கித் தனிப்பொருளாக விற்கவில்லை. 1998ல் வந்த எஸ்க்யூஎல் சர்வர் 7.0 என்ற தகவல்தளத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டது. 2004ல் ரிப்போர்ட் தயாரிக்கும் பகுதியும் அப்படியே. படகு வாங்கினால் ஐஸ் பெட்டி சும்மா. ஐஸ் பெட்டி மட்டும் விற்றுப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்?

2007ல் அந்தத் தனிக்கடைகளைப் பெரியவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். ஹைபீரியனை ஆரக்கிள் 330 கோடி டாலருக்கு வாங்கியது. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்ஏபியும், காக்னோஸை ஐபிஎம்மும் வாங்குவதாக அதே வருஷம் அறிவித்தன. மைக்ரோசாஃப்ட் அந்த அளவுக்குப் பெரிய வேட்டைக்குப் போகவில்லை. 2006ல் புரோகிளாரிட்டி என்ற சின்னக் கம்பெனியை வாங்கி, 2007ல் பெர்ஃபார்மன்ஸ்பாயின்ட் சர்வர் என்று ஒரு தனிப்பொருளை இறக்கிப் பார்த்தது. ஓடவில்லை. 2009 ஜனவரியில் அதைத் தனியாக விற்பதை நிறுத்துவதாகச் சொல்லி, பட்ஜெட் திட்டமிடும் பகுதியைக் கைவிட்டு, மிச்சத்தை, ஆபீஸ் ஃபைல்களைப் பகிரும் ஷேர்பாயின்ட்டுக்குள் போட்டுவிட்டது. அதை நம்பித் திட்டக் கணக்கு எழுதியவர்கள் நடுக்கடலில் நின்றார்கள். பவர் வியூ என்று இன்னொன்று வந்தது, அது சில்வர்லைட் என்ற, பிரவுசரில் இணைக்கும் துண்டை நம்பி நின்றது. சில்வர்லைட்டுக்கே 2021 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. இவ்வளவு பெரிய வியாபாரியும் ஒரு வலை சரியில்லை என்றால் தயங்காமல் அறுத்துப் போட்டுவிடுவார் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பிடிபட்டது எக்செல் பக்கம்தான். உலகத்தில் கணக்கு எழுதுகிற ஆள் ஏற்கெனவே எக்செல் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் புதுக்கடைக்கு இழுப்பானேன், அவர் கடைக்குள்ளேயே சரக்கை வைத்துவிடலாம் என்று 2010ல் பவர்பிவட் வந்தது. எக்செல் தாளில் 10,48,576 வரிக்கு மேல் கொள்ளாது. பவர்பிவட் அதைத் தாண்டியும் சுருக்கி வைத்துக்கொள்ளும். பவர் குவரியும் பவர்பிவட்டும் சேர்ந்த உருவம்தான் 2015 ஜூலையில் வந்த இன்றைய பவர் பிஐ. செய்யும் கருவி இலவசம், பகிரும் புரோ 9.99 டாலர். ஆரம்பத்தில் இலவசக் கணக்கிலிருந்தும் கொஞ்சம் பகிர முடிந்தது. கூட்டம் சேர்ந்தபிறகு 2017 ஜூனில் அந்தக் கதவைச் சாத்தினார்கள். அதே சமயம் பெரிய கம்பெனிகளுக்கு மாதம் 4,995 டாலரில் பிரீமியம் என்ற தனி வழியைத் திறந்தார்கள். எதிரில் நின்ற டேபிளோவை 2019ல் சேல்ஸ்ஃபோர்ஸ் 1,570 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட்டோ ஆபீஸ் தொகுப்பின் உயர்ந்த வகையான இ5 வாங்குகிறவர்களுக்கு புரோவையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. 2023ல் ஃபேப்ரிக் வந்தது. இப்போது கணக்கைக் காட்டுவது மட்டுமல்ல, தகவலைச் சேர்த்து வைக்கும் கிடங்கே அவர்களுடையது. வலை, டீசல், ஐஸ், லாரி எல்லாம் ஒரே கடையில். கடைசியாக 2025 ஏப்ரலில் புரோ 14 டாலர் ஆனது. பத்து வருஷத்தில் முதல் விலையேற்றம். ஆனால் ஒரே அடியில் நூற்றுக்கு நாற்பது.

இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2007ல் காக்னோஸ் விற்றவர் மண்டபத்து நண்டு கம்பெனியின் வாசல் பக்கம் வந்திருப்பாரா? ஓசி டெஸ்க்டாப் இல்லாவிட்டால் நான் இன்னும் எடைச்சீட்டைக் கூட்டிக்கொண்டிருப்பேன். முன்பணம் வாங்குவதில் தப்பில்லை. பிடித்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் எனக்குப் பயம்.

நான் பார்த்தவரை பிடித்தம் இரண்டு இடத்தில். ஒன்று பகிர்வது. அது பில்லில் தெரிகிறது, எண்ணிக்கொள்ளலாம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது, கணக்குச் சூத்திரங்கள். எடை, விலை, தேதி என்ற மூலக் கணக்கை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் 'கடல் நாள் சராசரி', 'வடகடல் சதைத் தேறல்' என்று பவர் பிஐயின் டாக்ஸ் என்ற சூத்திர மொழியில் இரண்டு வருஷமாக நான் எழுதிச் சேர்த்த நூறு சூத்திரங்களும் வேறு எந்தக் கடையிலும் அப்படியே ஓடாது. மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய முன்பணம் அதுதான்.

அதனால் ஒரு நீளமான நோட்டு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சூத்திரமும் என்ன செய்கிறது, எதை எதால் வகுக்கிறது, எதைத் தள்ளுகிறது, ஏன் தள்ளுகிறது என்று சாதாரணத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'டோக்கன் கொடுக்காத நாளைச் சேர்க்காதே. கரைக்கு வந்து கெட்டுப்போன நண்டை எடையில் வை, சதையில் வைக்காதே.' இப்படி. நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்குப் போனாலும், நானே வேலையை விட்டுப் போனாலும், இந்த நோட்டை வைத்து இன்னொருவர் ஒரு மாதத்தில் திரும்பக் கட்டிவிடலாம். மூலக் கணக்கும் எங்கள் ஃபோல்டரில் சாதா எக்செல்லாகவே கிடக்கிறது. சுத்தம் செய்யும் வேலையை முடிந்தவரை பவர் குவரியிலேயே முடித்துவிடுகிறேன், அது எக்செல்லிலும் ஓடும் என்பதால்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு ஒரு மாதம் தலைவலி. என் கணினியில் சரியாக இருந்த 'இன்றைய வரத்து', இணையத்தில் ஏற்றியதும் விடிகாலையில் நேற்றைய நண்டைக் காட்டியது. பிளான்ட் மேனேஜர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். காரணம், அங்கே 'இன்று' என்பது கிரீன்விச் நேரப்படி. நமக்குக் காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு நேற்றுதான். பத்து மணிக்கு ஆபீஸ் திறப்பவர்களுக்கு இது தெரியவே வராது. எங்களுக்கு நண்டு வருவதே அதற்கு முன்னால். உலக நேரத்தை எடுத்து ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் தேதி கண்டுபிடித்தபிறகு சரியானது. அதேபோல் ஆபீஸ் கணினியில் இருக்கும் ஃபைலை இணையத்தோடு இணைக்க கேட்வே என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர் கரண்டுக்கு அது தாங்காது. ஃபைல்களை மைக்ரோசாஃப்ட்டின் இணையக் கிடங்கான ஒன்டிரைவுக்கு மாற்றினேன், கேட்வே தேவையில்லாமல் போனது. புரோவில் ஒரு நாளைக்கு எட்டு முறை தானாகப் புதுப்பிக்கலாம். நாங்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நடுவில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். டை கட்டி, ராமநாதபுரம் வெயிலில் வேர்த்து வழிந்து, பெரிய கெபாசிட்டி, அதாவது கம்பெனிக்கென்றே ஒதுக்கும் கணினித் திறன், வாங்கினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் புரோ லைசென்ஸ் இல்லாமல் பார்க்கலாம் என்று விளக்கினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எங்களிடம் பார்க்கப்போகிறவர் எத்தனை பேர்? யார் எந்த ரிப்போர்ட்டை எத்தனை முறை திறந்தார்கள் என்று பவர் பிஐயே காட்டும். அன்றைக்கு ராத்திரி அதைத் திறந்து பார்த்தேன். ஆறு லைசென்ஸில் கணக்குப்பிள்ளை மூன்று மாதத்தில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. தினமும் என்னிடம் பிரின்ட் வாங்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். முதலாளி திறந்தது நாலு தடவை. நாலும் யாரோ விருந்தாளிக்குக் காட்ட.

2025ல் விலை ஏறியது. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆபீஸில் ஃபேன் சுற்றுவதற்கே கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு லைசென்ஸை மூன்றாக்கினேன். பிளான்ட் மேனேஜர், முதலாளி மகன், நான். மற்றவர்களுக்கு டெஸ்க்டாப்பிலிருந்தே பிடிஎஃப் எடுத்து தினமும் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் போடுகிறேன். இரண்டு பக்கம்தான். அதற்கு ஒரு காசும் ஆகாது. ஒருவரும் குறை சொல்லவில்லை. முதலாளிக்கு இதுதான் முன்பைவிடப் பிடித்திருக்கிறது, விரலால் பெரிதாக்கிப் பார்க்க வசதி என்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முதல் மூன்று மாதம் பிடிஎஃப்பிலேயே ஓட்டுங்கள். "நேத்து எண்ணு வந்துச்சு, இன்னைக்கு எண்ணு எங்க, தொட்டுப் பாக்கணும்" என்று யார் நச்சரிக்கிறாரோ அவருக்கு மட்டும் லைசென்ஸ் வாங்குங்கள்.

வடகடல் நண்டுக் கேள்விக்கு வருகிறேன், யாராவது கேட்பீர்கள். கடல் காரணமில்லை. தொண்டியிலிருந்து வண்டி வந்து சேரும் நேரம்தான் காரணம். அந்தப் பக்கமே வேகவைக்க ஏற்பாடு செய்தபிறகு வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

போன மாதம் முதலாளி, முன்பணம் யார் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பக்கம் கேட்டார். செய்தேன். செய்கிற கையோடு, அதே நாள், அதே இடம், அதே அளவு நண்டுக்கு முன்பணப் படகுக்குப் போட்ட விலையையும் மற்ற படகுக்குப் போட்ட விலையையும் கழித்து, எடையால் பெருக்கி, ஒரு நெடுவரிசை சேர்த்தேன். பக்கத்தில், அதே தொகைக்கு வங்கி வட்டி எவ்வளவு ஆகியிருக்கும் என்று இன்னொரு நெடுவரிசை. சூத்திரம் நாலு வரிதான்.

என் கணினியிலேயே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எந்தப் போட்டுக் கணக்கு?"

"எல்லாப் போட்டும் முதலாளி. நம்மகிட்ட முன்பணம் வாங்குனது மட்டும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்க. பிடிஎஃப்ல இது வேணாம்."

"சரிங்க."

அந்தப் பக்கத்தை மறைத்து வைத்தேன். நோட்டில் சூத்திரத்தை வழக்கம்போல எழுதினேன். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா போன் செய்து நண்டு விலை கேட்டார். விலையை மட்டும் சொன்னேன்.